உபினில் ஒரு ஜூன் காலை: அறுபது பேருக்கு ஐந்து படகு

ஜூன் மாதப் பள்ளி விடுமுறை வந்தால் வசிப்போர் குழுவின் வாட்ஸ்அப்பில் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்: "இந்த வருசம் எல்லாரையும் உபினுக்குக் கூட்டிட்டுப் போலாமா?" உபின், சிங்கப்பூரின் வடகிழக்கில் உள்ள சிறு தீவு. கேட்க நன்றாக இருக்கும். அடுத்த அரை மணி நேரத்தில் நிகழ்ச்சி நிரல் தயாராகிவிடும். காலை 9 மணிக்குக் கூடுவது, 10 மணிக்கு விளையாட்டு, 1 மணிக்குச் சாப்பாடு, 3 மணிக்குச் செக் ஜாவா சதுப்புநிலம், 5 மணிக்குப் பரிசளிப்பு. பெரும்பாலான உபின் பயணங்கள் கெட்டுப்போவது இந்த நிரலால்தான். 10 மணிக்கு மேல் வெயில் ஏறுகிறது. 1 மணிக்குச் சோறு புளிக்கத் தொடங்குகிறது. 3 மணிக்குக் கடல் செக் ஜாவாவின் பலகைப்பாதைக்கு அடியில் நிறைந்து நிற்கிறது, நண்டும் இல்லை, நட்சத்திர மீனும் இல்லை. நாலு மணிக்கு இடி.

உபினில் ஒரு நாளின் போக்கை வகுப்பவை கடல் வற்றம், மழை, வெயில் மூன்றும்தான். இவற்றைப் பார்த்து நேரம் குறித்தால் நிகழ்ச்சி காலை 7 மணிக்குத் தொடங்கி நண்பகலில் முடிந்துவிடும். "இவ்வளவுதானா?" என்று சிலர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

முதலில் தேதி. செக் ஜாவா சதுப்புநிலம் தீவின் கிழக்கு முனையில் இருக்கிறது. மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் திடல், பவளச் சிதைவு, அலையாத்திக் காடு, கரையோரக் காடு என ஆறு வகை வாழிடங்கள் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றன. 2001ஆம் ஆண்டு அந்தக் கரையை மண்கொட்டி நிரப்பவிருந்தார்கள். அதைக் காப்பாற்ற வேண்டும் என்று பொதுமக்களும் இயற்கை ஆர்வலர்களும் குரல் கொடுத்த பிறகு திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2007இல் பலகைப்பாதை திறக்கப்பட்டது. கடற்கரைச் சுற்றும் அலையாத்திச் சுற்றும் சேர்ந்து ஒரு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். அங்கே உயிரினங்களைப் பார்க்க வேண்டுமென்றால் கடல் 0.5 மீட்டருக்குக் கீழே வற்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரையும் வானத்தையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இந்த இடத்தில் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டி கைகொடுக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். ஆண்டின் நடுப்பகுதியில் சிங்கப்பூரில் ஆகத் தாழ்ந்த வற்றம் விடியலை ஒட்டி வருகிறது. நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் அது தாமதமாகிக்கொண்டே போகும். ஆகவே அமாவாசையன்றே போனால் பயனில்லை, நாம் படகேறும்போது கடல் ஏறிக்கொண்டிருக்கும். அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்து மூன்றாம் நாள், நான்காம் நாளில் வரும் சனி ஞாயிறைத் தேடுங்கள். அப்போது வற்றம் காலை 7, 8 மணியை ஒட்டி விழும். நாட்காட்டி காட்டுவது குத்துமதிப்புதான். துல்லியமான நேரத்தையும் உயரத்தையும் கடல் மட்ட அட்டவணையில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். செக் ஜாவா காலை 8.30க்குத்தான் திறக்கிறது. வற்றம் அடிமட்டத்தைத் தொட்டு ஒன்றரை மணி நேரம் வரை கரை ஓரளவு வெளியே தெரியும் என்பதால் இது சரியாகப் பொருந்தும். தேதி முடிவாவதற்கு முன் தேசிய பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தையும் ஒருமுறை பாருங்கள். பழுதுபார்ப்புக்காகப் பாதையின் ஒரு பகுதியை அவ்வப்போது மூடிவைப்பார்கள். அவர்களின் வழிகாட்டி நடைக்கு இடம் கிடைத்தால் விடவே வேண்டாம், ஆனால் விடுமுறையில் அது சீக்கிரம் நிரம்பிவிடும்.

வைகாசி, ஆனி முகூர்த்தங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். விடுமுறையின் முதல் பாதியில் நம் குடும்பங்களில் பல ஊருக்குப் போயிருக்கும்.

அடுத்தது ஆட்களின் எண்ணிக்கை. சாங்கி முனைப் படகுத்துறையிலிருந்து உபினுக்குப் போகும் பம்போட் என்ற சிறு மோட்டார் படகில் 12 பேர் ஏறலாம். தலைக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), கையில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். கால அட்டவணை கிடையாது, 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் உபின். எனவே குழுவின் அளவு பன்னிரண்டின் மடங்காக இருக்கட்டும். 36, 48, 60. ஐம்பத்து மூன்று பேரோடு போனால் கடைசி ஐந்து பேர் மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும், அல்லது 12 பேர் கட்டணத்தை அந்த ஐவரே கொடுக்க வேண்டும்.

60 பேர் என்று வைத்துக்கொள்வோம். போக 240 வெள்ளி, வர 240 வெள்ளி. இந்த 480 வெள்ளியைப் பத்து வெள்ளி, இரண்டு வெள்ளி நோட்டுகளாக மாற்றி ஐந்து உறைகளில் பிரித்துப் போடுங்கள். ஒவ்வொரு படகுக்கும் ஒரு தலைவர், அவர் கையில் ஓர் உறை, 12 பெயர் கொண்ட ஒரு தாள். இந்தப் படகுக் குழுதான் நாள் முழுக்கவும் குழு. விளையாட்டிலும் அதுவே அணி, சாப்பாட்டிலும் அதுவே பந்தி, திரும்பும்போதும் அதுவே படகு. தனியாக "அணி ஏ, அணி பி" என்று பிரிக்கப் போனால் தலை எண்ணும் வேலை இரட்டிப்பாகும். ஒரு குடும்பத்தை இரண்டு படகுகளில் பிரிக்கக் கூடாது. தாத்தா பாட்டி இருக்கும் குடும்பங்களை ஒரே படகில் குவிக்கவும் கூடாது, ஒவ்வொரு படகிலும் கைகொடுக்க இரண்டு இளையர்களாவது வேண்டும். படகு ஆடும்போது முதியவர் கால் வைக்கும் அந்த ஒரு நொடிதான் ஆபத்து. படகுக்குள் ஒருவர், துறையில் ஒருவர் நின்று முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொள்ள வேண்டும். விரல்களைப் பிடித்து இழுப்பது கூடாது.

பெயர் கொடுக்கும் படிவத்தில் வயது, உணவு முறை, ஒவ்வாமை, அன்றாடம் உட்கொள்ளும் மருந்து, அவசரத் தொடர்பு எண் போதும். முழுக்க இலவசமாக நடத்தாதீர்கள். படகுக் காசையாவது முன்கூட்டியே வாங்கிவிட்டால், அன்று காலை தூக்கம் கலையாமல் "சாரி அண்ணே, வரமுடியல" என்று செய்தி அனுப்புவோர் குறைவார்கள்.

இப்போது மழை. ஜூனில் நம்மை ஏமாற்றுவது சுமத்ரா சூறைக்காற்று. மலாக்கா நீரிணைப் பக்கம் இரவில் உருவாகும் இடிமழை வரிசை, விடியலுக்கு முன்னிருந்து நண்பகலுக்குள் மேற்கிலிருந்து கிழக்காகச் சிங்கப்பூரைக் கடக்கும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். நமக்கு ஒரு வசதி உண்டு: சாங்கியும் உபினும் கிழக்கில் இருக்கின்றன. காலை 5.30க்கு மழை ரேடார் படத்தைப் பாருங்கள். மேற்கு முனையான துவாஸ் பக்கம் நெட்டுக்குத்தாகச் சிவப்பும் மஞ்சளுமாய் ஒரு பட்டை நின்றால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அது சாங்கிக்கு வந்துவிடும். பேருந்தை நிறுத்த வேண்டியதில்லை, படகை மட்டும் நிறுத்துங்கள். எல்லாரும் படகுத்துறைக் கூரைக்கு அடியில் காத்திருந்து, மழை தாண்டிய பிறகு ஏறலாம். அதற்கு மாறாக, சிங்கப்பூர் முழுவதும் சாம்பல் மேகம் பரவி எங்கும் தூறினால் அது சீக்கிரம் விடாது. அன்றைக்குத் தள்ளிவைப்பதே நல்லது. மாற்று இடமாக சமூக மன்ற அறையையோ அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தையோ முன்பதிவு செய்து வைத்திருந்தால், சமைத்த சோறாவது வீணாகாது. முடிவு சொல்பவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வைத்தால் மழையே விட்டுவிடும், முடிவு வராது.

தீவில் இருக்கும்போது இடி கேட்டால் முதலில் காலிசெய்ய வேண்டிய இடங்கள் இரண்டு: செக் ஜாவாவின் பலகைப்பாதை, அங்குள்ள ஜெஜாவி கோபுரம். கோபுரம் சுமார் 20 மீட்டர் உயரம், ஏறிப் பார்க்க அருமையான இடம், மின்னலுக்கும் அப்படித்தான்.

வெயிலைப் பொறுத்தவரை, வானிலைச் செயலியில் வெப்பநிலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். காற்றின் ஈரப்பதம், வெயில், காற்றோட்டம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அழுத்த அளவு 2023 ஜூலை முதல் பொதுமக்களுக்கென வெளியிடப்படுகிறது. 31 பாகைக்குக் கீழே குறைவு, 31 முதல் 33க்குள் மிதம், 33ஐத் தொட்டால் அதிகம். 33ஐத் தொட்டதும் ஓட்டப் பந்தயமெல்லாம் நிறுத்த வேண்டும். உபினில் குழாய்த் தண்ணீர் இணைப்பு கிடையாது, அங்கே வரும் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. ஆளுக்கு 2 லிட்டர் வேண்டும். 60 பேருக்கு 120 லிட்டர், அதாவது 120 கிலோ. இதை யார் தூக்குவது? ஒவ்வொருவரும் ஒரு லிட்டரை முதுகுப்பையில் கொண்டுவரட்டும். மீதி 60 லிட்டரை ஆறு பத்து லிட்டர் கலன்களாக உணவுப் படகில் ஏற்றுங்கள். இருபது லிட்டர் கலன் வாங்கினால் மலிவுதான், ஆனால் ஆடும் படகிலிருந்து அதை இறக்கும் முதுகு நம்முடையது.

உணவுப் படகு என்றேனே, அதுதான் இந்த ஏற்பாட்டின் அச்சாணி. சமைத்த உணவை அறை வெப்பத்தில் வைத்தால் நாலு மணி நேரத்துக்குள் உண்டு முடிக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் உணவு அமைப்பு சொல்லும் கணக்கு. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் கிருமி பெருகும். விடியற்காலை 4 மணிக்குச் சமைத்து, எல்லாரோடும் சுமந்து அலைந்து, பகல் 1 மணிக்குப் பரிமாறினால் ஒன்பது மணி நேரம் ஆகிவிடுகிறது. சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. எனவே ஐந்தாவது படகைத் தாமதப்படுத்துங்கள். நாலு படகு, 48 பேர், காலை 7.15க்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்குச் சாங்கியிலேயே மைலோவும் பிஸ்கட்டும் போதும். சமையல் குழுவின் 12 பேர் 6.30க்குச் சோறு வடித்து, 8 மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, 9.15 போலத் தீவை அடைந்து, இடத்தை விரித்து வைத்துவிட்டால், செக் ஜாவாவிலிருந்து மற்றவர்கள் திரும்பும்போது 10 மணிப் பந்தி தயார். 10.30க்கு முடிந்தால் நாலு மணி நேரக் கணக்கு சரியாகிவிடும்.

என்ன சமைப்பது? புளிச்சோறும் பொடி தடவிய இட்லியும். தேங்காய்ச் சட்னி வேண்டாம், முதலில் கெடுவது அதுதான். சாம்பார் படகில் சிந்தும். தயிர்ச்சோறு பற்றி வீட்டுக்கு வீடு சண்டை நடக்கும். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டுவர முடிந்தால் சரி, இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். இட்லி ஆளுக்கு மூன்று, மொத்தம் 180. ஆறியபின் மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரு பக்கமும் தடவி அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டாது. இட்லியும் இருப்பதால் புளிச்சோற்றுக்கு 5 கிலோ அரிசி தாராளம். அதற்கு அரை கிலோ புளி, 600 மில்லி நல்லெண்ணெய், கால் கிலோ வேர்க்கடலை. புளிக்காய்ச்சலை முந்தின நாளே எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை காய்ச்சி வைக்கலாம், அது தாங்கும். சோறு உதிரியாக வெந்ததும் அகலமான தட்டுகளில் பரப்பி, முதலில் இரண்டு கரண்டி எண்ணெயைத் தெளித்து, மின்விசிறிக்கு அடியில் ஆறவிட்டுத்தான் காய்ச்சலைக் கிளற வேண்டும். சூட்டோடு கிளறி மூடி போட்டால், ஆவி மூடியில் நீராகி மறுபடி சோற்றில் சொட்டும். மேலடுக்கு குழைந்து, புளித்த வாடை வருவது இதனால்தான். புளியில் குறையொன்றும் இருக்காது.

பரிமாறும் இடத்தில் குரங்கும் காட்டுப்பன்றியும் விருந்துக்கு வரும். நீள்வால் குரங்குகளுக்குக் கடைப் பை என்றாலே சாப்பாடு என்று தெரியும். எனவே கைப்பிடிப் பைகளை அறவே தவிர்த்து, ஜிப் உள்ள முதுகுப்பையோ மூடியுள்ள பெட்டியோ மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். பிள்ளைகள் இரக்கப்பட்டு ஒரு இட்லியை நீட்டினாலும் சட்டப்படி குற்றம். 2020 ஜூன் முதல் நடப்பிலுள்ள வனவிலங்குச் சட்டப்படி, உணவூட்டினால் முதல்முறையே 5,000 வெள்ளிவரை அபராதம். தொடக்க விழா என்று வாசலில் அரிசிமாவுக் கோலம் போடுவதும், தேங்காய் உடைத்து மூடியை மரத்தடியில் விடுவதும், வாழை இலையைப் புதருக்குள் எறிவதும் வேண்டாம். கோலம் போட ஆசையா? ஈரமண்ணில் குச்சியால் புள்ளி வைத்து இழைத்துக் காட்டுங்கள், பிள்ளைகள் அதையே விரும்புவார்கள். பன்றி குட்டிகளோடு வந்தால் தாய்க்கும் குட்டிக்கும் இடையில் யாரும் நிற்கக் கூடாது. கத்தாமல், ஓடாமல் பின்னால் நகர வேண்டும். எச்சில் தட்டு, இலை, தோல் எல்லாமே பைகளில் கட்டி நம்மோடு சாங்கிக்குத் திரும்ப வேண்டும்.

விளையாட்டுக்கு முன் இடம். கூட்டமாகத் திடலையோ முகாமிடத்தையோ பயன்படுத்துவதானால் தேசிய பூங்காக் கழகத்திடம் சில வாரங்களுக்கு முன்பே கேட்டு அனுமதி வாங்குங்கள். ஒலிபெருக்கி வேண்டாம். தேசிய மின்கட்டமைப்போடு இணையாத தீவு அது, மின்னாக்கிகளும் சூரியத் தகடுகளும்தான் அங்கே விளக்கேற்றுகின்றன. அங்கே இன்னும் சில குடும்பங்கள் வீடு கட்டி வாழ்கின்றன. அவர்கள் வீட்டு முற்றத்தில் நம் திரைப்பாட்டு முழங்கினால் அது நமக்குப் பெருமையில்லை. ஒரு விசில் போதும்.

கயிறு இழுத்தலில் படகுக் குழுக்கள் தாமாகவே அணியாகிவிடும். அணிக்கு எட்டுப் பேர். கயிறு 10 முதல் 12.5 சென்டிமீட்டர் சுற்றளவுள்ளதாக, ஏறத்தாழ 34 மீட்டர் நீளத்தில் இருக்கட்டும். நடுவில் சிவப்புத் துணி, இரு பக்கமும் 4 மீட்டரில் வெள்ளைத் துணி, வெள்ளை நடுக்கோட்டைத் தாண்டினால் வெற்றி. கடையில் நைலான் கயிறு மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். நைலான் இழுபட இழுபட நீளும், அறுந்தால் சவுக்குப்போல் திரும்பி அடிக்கும். மணிலா நாரோ சணலோதான் சரி. கையில் சுற்றிக்கொண்டு இழுப்பதை எந்த வயதினருக்கும் அனுமதிக்கக் கூடாது, விரல் போய்விடும்.

உறியடி என்றால் எல்லாருக்கும் உற்சாகம், ஆனால் மண்பானைச் சில்லுகள் புல்லில் கிடந்து அடுத்த வாரம் யாரோ ஒருவர் காலைப் பதம் பார்க்கும். பழைய வேட்டித் துணியில் தைத்த பையைத் தொங்கவிட்டால் போதும், கண்ணைக் கட்டிய ஆளைச் சுற்றி ஐந்து மீட்டர் வட்டம் காலியாக இருக்கட்டும். கிட்டிப்புள் இந்தக் கூட்டத்துக்கு ஆகாது, புள் யார் கண்ணைத் தேடும் என்று சொல்ல முடியாது. நிழலில் ஆட பாண்டி, பல்லாங்குழி. பல்லாங்குழிப் பலகை நாலு எடுத்துப்போங்கள், புளியங்கொட்டை நிறைய. இதே ஆட்டத்தின் உறவான சோங்காக்கை மலாய் அண்டைவீட்டார் நன்றாக அறிவார்கள். அவர்களையும் அழைத்திருந்தால், எட்டு வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயது மக்சிக்கும் (மலாய் அம்மாவுக்கும்) மொழியில்லாமலே போட்டி நடக்கும். மற்ற எல்லா விளையாட்டையும் விட இதில்தான் கூட்டம் சேரும் என்பது என் கணிப்பு.

உபின் படகுத்துறையை ஒட்டிய கிராமத்திலிருந்து செக் ஜாவா மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேலே. பிள்ளைகளோடு நடந்தால் ஒரு மணி நேரம் பிடிக்கும். முதியோருக்கும் சிறு குழந்தைகளுக்கும் தீவின் வேன்களை முன்பே பேசிவைத்துவிடுங்கள். அறுபது பேருக்கும் சைக்கிள் வாடகைக்கு எடுக்கும் யோசனை ஒவ்வோர் ஆண்டும் வரும். உபினில் காயம்படச் சுலபமான வழி சைக்கிளில்தான்: மேடு ஏறி மறுபக்கம் சரளைக்கல் சரிவில் இறங்கும்போது, பின்பிரேக் பிடிக்காத வாடகை வண்டியில் முன்பிரேக்கை மட்டும் அழுத்தினால் ஆள் தலைக்குப்புற விழுவார். சைக்கிளை நண்பகலுக்குப் பிறகு, நிகழ்ச்சி முடிந்து தங்க விரும்பும் குடும்பங்களுக்கு விட்டுவிடுங்கள். எடுப்பவர்கள் காசு கொடுக்குமுன் இரண்டு பிரேக்கையும் அழுத்தித் தள்ளிப் பார்க்கட்டும். துப்பட்டாவும் சேலை முந்தானையும் சங்கிலியில் சிக்கும், அன்றைக்குச் சுடிதாரானாலும் துப்பட்டா பைக்குள் இருக்கட்டும். செக் ஜாவாவுக்குள் சைக்கிள் போகாது, வாசலிலேயே நிறுத்த வேண்டும்.

பலகைப்பாதையில் வேகமாக நடப்பவர் ஒன்றையும் பார்க்கமாட்டார். ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த ஆண் நண்டுகள் காலடி அதிர்ந்தால் வளைக்குள் போய்விடும். ஓரிடத்தில் இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால் ஒவ்வொன்றாக வெளியே வந்து கொடுக்கை ஆட்டும். சேற்றில் தத்தும் மீனும் அப்படியே. பன்னிரண்டு பேராகப் பிரிந்து, பத்து நிமிட இடைவெளியில் போனால் இது நடக்கும், நாற்பத்தெட்டுப் பேர் ஒன்றாகப் போனால் நடக்காது. பாதைக்குக் கீழே இறங்க அனுமதியில்லை. திரும்பும் வழியில் மரங்களில் இருவாச்சியைத் தேடச் சொல்லுங்கள், அதன் கரகரத்த கூப்பாடுதான் முதலில் கேட்கும்.

சில சில்லறை விஷயங்கள். தீவின் வடகரையில் கைப்பேசி மலேசியக் கட்டமைப்புக்குத் தாவும், தரவு உலாவலை (டேட்டா ரோமிங்) அணைத்து வையுங்கள். மணல் ஈக்கும் கொசுவுக்கும் பூச்சு மருந்தைக் கணுக்காலில் மறக்காமல் தடவ வேண்டும். அவசரமென்றால் 995தான், ஆனால் நோயாளி கடலைக் கடந்துதான் மருத்துவமனைக்குப் போக முடியும். ஆகவே நெஞ்சுவலி வரலாறு உள்ளவர்களிடம் மருந்து சட்டைப்பையில் இருக்கிறதா என்று சாங்கியிலேயே கேட்டுவிடுங்கள்.

11.30க்குப் பரிசு, ஐந்தே நிமிடம், பேச்சாளர் யாரும் வேண்டாம். 12 மணிக்கு முதல் படகு திரும்பட்டும். பாத்திரங்களோடு உணவுக் குழு முதலில், பிள்ளைகள் அதிகமுள்ள குழுக்கள் நடுவில், ஏற்பாட்டாளரின் படகு கடைசியில். தங்கிச் சைக்கிள் ஓட்டப்போகும் குடும்பங்கள் தங்கள் பெயரைத் தாளில் தாங்களே அடித்துக் கையெழுத்திட்ட பிறகுதான் பிரிய வேண்டும். மாலை 7 மணிக்கு மேல் படகு கிடைப்பது கடினம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். சாங்கியில் ஒவ்வொரு படகுத் தலைவரும் தம் தாளிலுள்ள பெயர்களை வாசித்து, ஆள் பதில் சொன்ன பிறகே பேருந்துக் கதவு மூடலாம்.